மூன்றாவது யூபிஎஸ்ஸும் அதே அறையில் போனால்

கேட்கப்பட்டது இது. ஒரு பின்னலாடை நிறுவனத்தின் தொழிற்சாலையோடு சேர்ந்த அலுவலகத்தில் சிறிய சர்வர் அறை. மூன்று சர்வர், ஒரு ஸ்டோரேஜ், இரண்டு சுவிட்ச், சிசிடிவி ரெக்கார்டர் எல்லாம் சேர்ந்து 4 கிலோவாட் அளவுக்கு லோடு. 10 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் (எப்போதும் தன் இன்வெர்ட்டர் வழியாகவே லோடுக்கு மின்சாரம் தரும் வகை), உள்ளே மூன்று ஃபேஸ், வெளியே சிங்கிள் ஃபேஸ், 42 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை) பேட்டரி 20. முதல் யூபிஎஸ்ஸின் பேட்டரி செட் 14 மாதத்தில் படுத்துவிட்டது, அடுத்த மழைக்காலத்தில் பவர் போர்டும் எரிந்தது. வேறு கம்பெனியில் வாங்கிய இரண்டாவது எட்டே மாதத்தில் போனது. இப்போது ஓடுவது மூன்றாவது. கரண்ட் போனால் ஆறு நிமிடம்கூடத் தாங்குவதில்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை சர்வர்கள் அணைந்திருக்கின்றன. "உங்க கரண்ட் சரியில்லை" என்கிறார் டீலர். "யூபிஎஸ் மட்டம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். அடுத்து எந்தக் கம்பெனி வாங்கலாம் என்பது கேள்வி.

கம்பெனி பெயர் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் மூன்று பெட்டிகள் ஒரே இடத்தில் கெடுகின்றன என்றால், பொதுவாக இருப்பது அந்த இடம்தான்: உள்ளே வரும் சப்ளை, நியூட்ரல், எர்த், அறையின் சூடு, பேட்டரியை இணைத்த விதம். அதனால் உண்மையான கேள்வி, அந்த அறையில் யூபிஎஸ்ஸைக் கொல்வது எது என்பது. அதற்கு முதல் படி, "யூபிஎஸ் போச்சு" என்று ஒரே சொல்லில் முடிக்காமல் போனது எந்தப் பாகம் என்று பிரிப்பது. பேட்டரி சாவதற்கான காரணங்கள் வேறு, உள்ளே வரும் பக்கத்து ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பாகம்) எரிவதற்கானவை வேறு, வெளியே போகும் பக்கத்து இன்வெர்ட்டரில் (டிசியைத் திரும்ப ஏசியாக்கும் பாகம்) சுவிட்ச் போல வேலை செய்யும் ஐஜிபிடி வெடிப்பதற்கானவை வேறு. உங்கள் விவரத்தில் குறைந்தது இரண்டு தனித்தனி நோய்கள் தெரிகின்றன. அவற்றை ஒன்றாக நினைத்துத் தேடியதால்தான் டீலரும் எலக்ட்ரீஷியனும் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்குகிறேன், சந்தேகம் குறைவான பகுதி அதுதான். 12 வோல்ட் பேட்டரி 20 தொடரில் என்றால் 240 வோல்ட். 4 கிலோவாட் லோடுக்கு, யூபிஎஸ்ஸின் இழப்பையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து 18 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். நல்ல நிலையில் உள்ள 42 ஏஎச் செட் இந்த லோடுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது ஆறு நிமிடம். இந்த அளவு வித்தியாசம் பெரும்பாலும் 20 பேட்டரியும் சமமாகத் தேய்ந்ததால் வருவதில்லை. தொடரில் ஒன்றோ இரண்டோ முற்றிலும் படுத்திருக்கும், அவை மொத்த வோல்டேஜையும் இழுத்துத் தள்ளுவதால் யூபிஎஸ் கட்-ஆஃப் ஆகிவிடும். ஆகவே புது செட் வாங்கும் முன் எது படுத்தது, எப்படிப் படுத்தது என்று பாருங்கள். செத்த விதத்திலேயே காரணம் எழுதியிருக்கும்.

பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தால் அது சூட்டாலோ அதிக சார்ஜாலோ வந்த சாவு. உப்பல் எதுவும் இல்லாமல், வெளியே புதிது போலவே இருந்துகொண்டு லோடு கொடுத்ததும் வோல்டேஜ் சரிந்தால், பெரும்பாலும் நீண்ட நாள் அரைகுறை சார்ஜில் கிடந்து தகடுகளில் சல்ஃபேட் படிந்ததுதான் காரணம். பழைய செட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டிருப்பீர்கள். இப்போது இருக்கும் செட்டையாவது பாருங்கள்.

14 மாதத்தில் ஒரு செட் போனது என்பதைப் படித்ததும் நான் முதலில் சந்தேகிப்பது சார்ஜரைத்தான். பல 10 கேவிஏ மாடல்கள் உள்ளேயே 7 அல்லது 9 ஏஎச் பேட்டரி வைத்து வருபவை. அவற்றின் சார்ஜர் 1 அல்லது 1.5 ஆம்பியர்தான் தரும். பேக்கப் அதிகம் வேண்டும் என்று கேட்டதும், அதே யூபிஎஸ்ஸில் வெளியே ரேக் வைத்து 42 ஏஎச்சை மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஓடும், பார்ப்பதற்குக் குறையே தெரியாது. ஆனால் இந்த வகை பேட்டரிக்கு அதன் ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு சார்ஜிங் கரண்ட் வேண்டும், அதாவது 4 ஆம்பியர் அளவில். 1 ஆம்பியர் சார்ஜரில் முழுக்கக் காலியான 42 ஏஎச் செட் நிரம்ப இரண்டு நாள் ஆகும். அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும். பேட்டரி ஒருமுறைகூட முழுதாக நிரம்பாமலே தன் வாழ்நாளைக் கழிக்கும். யூபிஎஸ்ஸின் டிஸ்பிளேயில் 100 சதவீதம் என்று காட்டுவதை நம்ப வேண்டாம், பெரும்பாலான யூபிஎஸ்கள் அதை வோல்டேஜை வைத்துக் கணக்கிட்டுச் சொல்பவை. மாடல் எண்ணை வைத்துக் கையேட்டில் சார்ஜர் ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள், அல்லது ஒரு மின்வெட்டு முடிந்த உடனே பேட்டரி வயரில் டிசி கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாருங்கள். 1.5 ஆம்பியருக்குக் கீழ் காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. லாங் பேக்கப் மாடலாக மாற்ற வேண்டும் அல்லது கம்பெனியே தரும் கூடுதல் சார்ஜர் கார்டு போட வேண்டும். வேறு சார்ஜர் ஒன்றை வெளியே தனியாக வாங்கி இணையாக மாட்டுவது வேண்டாம். இரண்டு சார்ஜரும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

அடுத்தது ஃப்ளோட் வோல்டேஜ், அதாவது நிரம்பிய பேட்டரியை சார்ஜர் பிடித்து வைத்திருக்கும் வோல்டேஜ். முழு சார்ஜில் ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியும் 25 டிகிரியில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை நிற்க வேண்டும், 20-க்கும் சேர்த்து 270 முதல் 276. மொத்தத்தை மட்டும் அளந்து திருப்தி அடையக்கூடாது. ஒரு பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆனால் அது மட்டும் 11.5 வோல்ட் அருகே நிற்கும், மிச்சமாகும் 2 வோல்ட் மற்ற 19 பேட்டரிகள்மேல் பிரிந்து ஏறும். மொத்தம் சரியாகவே இருக்கும், ஆனால் 19-ம் மெதுவாக வேகும். நேர்மாறாக, ஒரு பேட்டரி மட்டும் 14.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது உள்ளே வறண்டு ரெசிஸ்டன்ஸ் ஏறியது. லோடு வந்ததும் முதலில் விழுவது அதுதான். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டி, ஃப்ளோட்டில் ஒரு முறை, லோடில் ஒரு முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லோடு டெஸ்ட் என்றால், வேலை இல்லாத நேரத்தில் சர்வர்களை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, ஹீட்டர் போன்ற ஏதாவது லோடைப் போட்டு, யூபிஎஸ்ஸின் இன்புட்டை நிறுத்தி ஐந்து நிமிடத்துக்குள் 20 பேட்டரியையும் அளப்பது. நல்லவை ஒன்றுக்கொன்று 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்கும். கெட்டது 10-க்கும் 9-க்கும் கீழே போய்த் தானே காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். 20 பேட்டரித் தொடர் என்பது 270 வோல்ட் டிசி. அதைத் தொட்டால் உயிரே போகலாம், ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் உருகித் தெறிக்கும். 600 வோல்ட் கேட் 3 மீட்டர், இன்சுலேட் செய்த ஸ்பேனர், கையில் மோதிரம் வாட்ச் எதுவும் இல்லை, பக்கத்தில் இன்னொரு ஆள். இந்த வேலை தெரியாதவர் அளக்க வேண்டாம். போகிற போக்கில், பேட்டரி ரேக்கில் போட்டிருக்கும் பிரேக்கர் டிசிக்கானதுதானா என்றும் பாருங்கள். சாதாரண ஏசி எம்சிபியை அங்கே மாட்டியிருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். டிசி ஆர்க்கை அதனால் அணைக்க முடியாது, ஷார்ட் ஆகும் நாளில் எம்சிபியே தீப்பிடிக்கும்.

சூடு பற்றி நீட்ட வேண்டியதில்லை. பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் பாதியாகும். ஐந்து வருட பேட்டரி 35 டிகிரியில் இரண்டரை வருடம்தான். அறையில் ஏசி இருக்கிறது என்பது பதில் ஆகாது. இரவில் அணைக்கிறார்களா, ஜெனரேட்டரில் ஏசி ஓடுகிறதா, பேட்டரி ரேக் சுவர் மூலையில் முட்டிக்கொண்டு இருக்கிறதா என்பதுதான் விஷயம். ஒரு சாதாரண குறைந்தபட்ச-அதிகபட்ச தெர்மாமீட்டரை நடு பேட்டரியின் மேல் ஒரு வாரம் வையுங்கள். பேட்டரிகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். சார்ஜருக்கு வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜைக் குறைக்கும் வசதி இருந்தால், அதன் சென்சாரும் பேட்டரி ரேக்கில்தான் இருக்க வேண்டும். 35 டிகிரியில் ஒரு பேட்டரிக்கு 0.18 வோல்ட் குறைய வேண்டும், அது குறையாமல் போனால்தான் உப்பல்.

புது செட் வாங்கும்போது 20-ம் ஒரே கம்பெனி, ஒரே பேட்ச், தயாரிப்புத் தேதி ஆறு மாதத்துக்குள். கடையில் ஒரு வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி புதிதாகவே பாதி செத்தது. கெட்ட மூன்றை மட்டும் மாற்றி மிச்சக் காசைச் சேமிப்பது, செட் வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் சரி. பழைய செட்டில் புதியதைக் கலந்தால் புதியதும் பழையதாகும்.

இனி எரிந்த போர்டு. இங்கே உறுதி குறைகிறது, ஏனென்றால் எந்தப் பக்கம் எரிந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, டீலரும் சொல்லியிருக்க மாட்டார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் "பவர் கார்டு ஃபெயில், மாற்றப்பட்டது" என்று ஒரே வரி இருக்கும். அடுத்த முறை பழைய கார்டைக் கொண்டுபோகும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்புட் டெர்மினலுக்குப் பக்கத்தில் நீல அல்லது மஞ்சள் வட்டத் தட்டு போல இருக்கும் எம்ஓவி (அதிக வோல்டேஜைத் தான் வாங்கிக்கொள்ளும் பாதுகாப்புப் பாகம்) வெடித்திருந்தால், உள்ளே வந்த ஓவர்வோல்டேஜ் அல்லது சர்ஜ் (கண நேரம் பாய்ந்துவரும் மிக அதிக வோல்டேஜ்). ஹீட்சிங்க் அருகே அவுட்புட் ஐஜிபிடி வெடித்திருந்தால் ஓவர்லோடு, ஷார்ட், அல்லது பைபாஸில் (இன்வெர்ட்டரை விட்டு லோடை நேரே சப்ளையில் இணைக்கும் வழி) நடந்த தவறு. எந்தப் போர்டும் கருகாமல் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் சூடு. கம்யூனிகேஷன் கார்டு மட்டும் போயிருந்தால் சர்ஜ் நெட்வொர்க் கேபிள் வழியாக வந்திருக்கிறது, பெரும்பாலும் வெளியே கம்பத்தில் மாட்டிய கேமராவிலிருந்து. அந்தக் கேபிளை ஃபைபராக மாற்றுவது எந்தச் சர்ஜ் கருவியையும்விட உறுதியான தீர்வு.

மூன்று ஃபேஸ் உள்ளே, சிங்கிள் ஃபேஸ் வெளியே என்ற அமைப்பில் நியூட்ரல்தான் உயிர்நாடி. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்றைய யூபிஎஸ்களில் இன்புட் நியூட்ரலே அவுட்புட் நியூட்ரலாகவும் போகிறது. மேலே எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவான ஃபேஸில் 230-க்குப் பதில் 300, 350, மோசமான நிலையில் 400 வோல்ட் வரை ஏறும். யூபிஎஸ்ஸின் இன்புட் இதைச் சில நொடிகள் தாங்கும், சில மாடல் அதுவும் தாங்காது. ஆகவே இதற்கு ஞாபகப்படுத்திப் பதில் சொல்லுங்கள்: போர்டு எரிந்த அதே நாளில் கட்டடத்தில் வேறு என்ன எரிந்தது? எல்இடி லைட், ஏசி போர்டு, செல்போன் சார்ஜர் ஏதாவது போயிருந்தால் அது நியூட்ரல்தான் என்ற சந்தேகம் வலுவாகும். யூபிஎஸ் மட்டும் போயிருந்தால் நியூட்ரல் கோளாறு அந்த ஒரு ஃபீடரில் இருக்கலாம், அல்லது காரணமே வேறாக இருக்கலாம்.

நியூட்ரலைத் தேட, மெயின் பேனலிலிருந்து யூபிஎஸ் வரை ஒவ்வொரு இணைப்பும் பார்க்க வேண்டும்: மீட்டர் போர்டு, மெயின் சுவிட்ச், சேஞ்ச்ஓவர், டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு), யூபிஎஸ் டெர்மினல். சப்ளையை நிறுத்தித் திருகுகளை இறுக்குவதற்கு முன்னால், லோடு ஓடும்போதே தெர்மல் கேமராவில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், தளர்ந்த இடம் சிவப்பாகத் தெரியும். அலுமினிய கேபிளைச் செம்பு பஸ்பாரில் பைமெட்டல் லக்கு (இரண்டு உலோகத்தையும் இணைக்கும் முனை) இல்லாமல் போட்டிருந்தால் அங்கே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு பரவலான தவறு கேபிள் அளவு. முழு லோடில் ஓடும்போதும் ஒவ்வொரு ஃபேஸிலும் 15, 16 ஆம்பியர்தான் போகிறது என்று எலக்ட்ரீஷியன் நான்கு கோருக்கும் மெல்லிய கேபிள் போட்டுவிடுவார். ஆனால் யூபிஎஸ் பைபாஸுக்குப் போனால் முழு லோடும், 10 கேவிஏ என்றால் 43 ஆம்பியர், ஒரே ஃபேஸிலும் நியூட்ரலிலும் விழும். அந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறைந்தது 10 சதுர மிமீ செம்பு வேண்டும். யூபிஎஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் பிரேக்கரும் நியூட்ரலைத் தனியாகத் துண்டிக்கும் வகையாக இருக்கக்கூடாது. கையேட்டில் என்ன கேட்டிருக்கிறது என்று பார்த்து மாட்டுங்கள்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே யூபிஎஸ் இன்புட்டில் அளந்தால் 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கம்பெனிகளின் நிபந்தனை. 8, 10 வோல்ட் என்றால் நியூட்ரல் பலவீனம் அல்லது ஃபேஸ்கள் சமமாக இல்லை. சரியாகச் சுழியம் காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள், "அளவு வரவில்லை" என்று யாரோ டிபியிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப் போட்டால் நியூட்ரல் கரண்ட் எர்த் வயர் வழியாக, சர்வர் ரேக்கின் உடம்பு வழியாக ஓடும். பகல் முழு லோடில் ஒரு அளவு, நள்ளிரவில் ஒரு அளவு என்று இரண்டும் வேண்டும்.

"கம்ப்யூட்டருக்குத் தனி எர்த்" என்று ஒரு குழி வெட்டி, அதைக் கட்டடத்தின் மற்ற எர்த்தோடு சேர்க்காமல் விட்டிருந்தால் அது பாதுகாப்பு இல்லை, ஆபத்து. இடி விழும்போது இரண்டு குழிக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம் நடுவில் இருக்கும் கருவிகள் வழியாகவே சமன் ஆகும். மழைக்காலத்தில் போர்டு எரிந்தது என்று நீங்கள் சொல்வதால் இதைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்கிறேன். குழி தனியாக இருக்கலாம், ஆனால் எல்லாக் குழிகளும் ஒரே பட்டையில் சேர வேண்டும். எர்த் ரெசிஸ்டன்ஸை எர்த் டெஸ்டரில், கம்பி நட்டு அளக்கும் முறையில், கோடையில் அளக்கச் சொல்லுங்கள். மழை முடிந்த ஈரத்தில் எந்தக் குழியும் நல்ல அளவு காட்டும்.

சர்ஜ் பாதுகாப்புக் கருவி பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மெயின் பேனலில் ஒன்றும் யூபிஎஸ் டிபியில் டைப் 2 ஒன்றும் போடுவது நல்லது, போடுங்கள். இணைப்பு வயர் ஃபேஸிலிருந்து எர்த் பட்டை வரை மொத்தம் அரை மீட்டரைத் தாண்டக்கூடாது. அழகுக்காக வளைத்து வளைத்து ஒன்றரை மீட்டர் கொண்டுபோனால் கருவி இருந்தும் பயன் பாதிதான். ஆனால் இது மைக்ரோ செகண்ட் கணக்கில் வரும் சர்ஜுக்கு மட்டும். நியூட்ரல் விட்டுப்போய் நிமிடக் கணக்கில் 350 வோல்ட் நின்றால் அது தானும் எரியும், யூபிஎஸ்ஸையும் காக்காது. அதற்கு வேண்டியது ஓவர்வோல்டேஜ், ஃபேஸ் ஃபெயில், நியூட்ரல் ஃபெயில் பார்க்கும் ரிலேயும், அது சொன்னதும் சப்ளையைத் துண்டிக்கும் கான்டாக்டரும். யூபிஎஸ்ஸின் விலைக்கு முன்னால் அது சிறு தொகை. ஆன்லைன் யூபிஎஸ்ஸுக்கு முன்னால் சர்வோ ஸ்டெபிலைசர் போடச் சொல்லும் டீலரிடம் ஏன் என்று கேளுங்கள். யூபிஎஸ் தானே அகலமான இன்புட் வோல்டேஜைத் தாங்கும், சர்வோவின் கார்பன் தேய்ந்தால் அதுவே புதிய கோளாறு.

ஜெனரேட்டர் ஓடும்போது சர்வர் அணைந்தது தனிக் கதை. என் கணிப்பு இதுதான்: ஜெனரேட்டரின் ஃப்ரீக்வென்சியை யூபிஎஸ் ஏற்கவில்லை. மெக்கானிக்கல் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) உள்ள ஜெனரேட்டர் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் அருகே ஓடும், பெரிய ஏசி கம்ப்ரசரோ தையல் பிரிவின் மோட்டார்களோ ஒன்றாக ஏறினால் சட்டென்று 48-க்கு இறங்கும். யூபிஎஸ் இந்த ஆட்டத்தைப் பார்த்து இன்புட்டைத் தள்ளிவிட்டுப் பேட்டரிக்குப் போகும், மீண்டும் வரும், மீண்டும் போகும். பேட்டரியோ ஏற்கெனவே ஆறு நிமிடப் பேட்டரி. அது தீர்ந்த நொடியில் பைபாஸுக்கும் போக முடியாது, ஏனென்றால் பைபாஸ் சப்ளையும் அதே ஆட்டத்தில் இருக்கிறது. லோடு விழுகிறது. இது சரியா என்று யூபிஎஸ்ஸின் ஈவன்ட் லாகிலேயே (நடந்ததை நேரத்தோடு குறித்து வைக்கும் பதிவு) தெரிந்துவிடும்: அந்த நேரத்தில் இன்புட் ஃப்ரீக்வென்சி, பைபாஸ் கிடைக்கவில்லை என்ற வகைப் பதிவுகள் வரிசையாக இருக்கும். முதலில் யூபிஎஸ்ஸின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள், பலவற்றில் 2000-ஆம் ஆண்டு ஜனவரியிலேயே நின்றிருக்கும். கணிப்பு சரியானால், யூபிஎஸ்ஸின் ஃப்ரீக்வென்சி எல்லையை சர்வீஸ் ஆள் மூலம் அகலப்படுத்தலாம், ஜெனரேட்டரின் கவர்னரையும் ஏவிஆரையும் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) சரிபார்க்கலாம், கம்ப்ரசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்படி டைமர் போடலாம். ஜெனரேட்டர் கேவிஏவைப் பெரிதாக்குவது கடைசியில் யோசிக்க வேண்டியது.

லாகில் அப்படி எதுவும் இல்லாமல் வோல்டேஜ் அதிகம் என்ற பதிவு இருந்தால், மெயின் பேனலில் மோட்டார் லோடுகளை ஈடுசெய்யப் போடும் பவர் ஃபாக்டர் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தொழிற்சாலையோடு சேர்ந்த அலுவலகம் என்பதால் அவை பெரும்பாலும் இருக்கும். ஜெனரேட்டர் வந்ததும் அவை தானாக விலக வேண்டும். விலகாவிட்டால், லோடு குறைவான நேரத்தில் ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஏவிஆரின் கட்டுப்பாட்டை மீறி ஏறும். ஈபி சப்ளையிலும், இரவில் மில் நின்ற பிறகு கெப்பாசிட்டர்கள் லைனிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் 260-ஐத் தாண்டுவது உண்டு. ஹார்மோனிக்ஸ் (மின் அலையின் வடிவம் சிதைவது) பற்றி யாராவது பெரிதாகப் பேசினால், இந்த அளவு லோடில் அதை முதல் குற்றவாளி ஆக்க மாட்டேன். நியூட்ரலில் ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் போட்டு, அது ஃபேஸ் கரண்ட்டைவிட அதிகமாக ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

மீதி உள்ளவை சிறியவை, ஆனால் விட்டுவிடக் கூடாதவை. மெயின்டனன்ஸ் பைபாஸ் சுவிட்சை, யூபிஎஸ் இன்வெர்ட்டரில் ஓடும்போதே யாராவது திருப்பினால் ஈபி சப்ளையும் இன்வெர்ட்டர் அவுட்புட்டும் மோதி ஐஜிபிடி அந்த நொடியே வெடிக்கும். முதலில் யூபிஎஸ்ஸை ஸ்டாட்டிக் பைபாஸுக்கு (அதன் உள்ளேயே இருக்கும் எலக்ட்ரானிக் பைபாஸ்) மாற்றிவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும், அந்த வரிசையைத் தமிழில் எழுதிச் சுவிட்சின் மேலேயே ஒட்டுங்கள். யூபிஎஸ் பாயின்ட்டில் லேசர் பிரிண்டரோ கூட்டுகிறவரின் வாக்குவம் கிளீனரோ மாட்டப்படுகிறதா என்று ஒரு நாள் கவனியுங்கள். பின்னலாடை இடம் என்பதால் பஞ்சுத் தூசி ஃபேனை அடைக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பல்லி போர்டில் ஏறி ஷார்ட் ஆவது நகைச்சுவை இல்லை, கேபிள் நுழையும் துளைகளை அடையுங்கள். சர்வர்கள் சரியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில் அணைகின்றன என்றால் யாரும் எதுவும் செய்யவில்லை, யூபிஎஸ் தானே செல்ஃப் டெஸ்ட் ஓடுகிறது. சில மாடல்களில் 14 நாள் என்பதே ஆரம்ப அமைப்பு. பேட்டரி செத்திருந்தால் அந்தச் சில நொடிகளே போதும்.

செய்ய வேண்டிய வரிசையில் காசு செலவாகாதவை முதலில் வரட்டும். இன்றே ஈவன்ட் லாகை எடுங்கள், சார்ஜர் ஆம்பியரைக் கையேட்டில் பாருங்கள், பேட்டரிச் சுவர்களைத் தடவிப் பாருங்கள். இந்த வாரத்துக்குள் 20 பேட்டரி அளவும் நியூட்ரல்-எர்த் அளவும். பிறகு ஒரு பவர் குவாலிட்டி அனலைசரை வாடகைக்கு எடுத்து யூபிஎஸ் இன்புட்டில் ஏழு நாள், ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஜெனரேட்டர் ஓட்டமும் உள்ளடங்கும்படி மாட்டுங்கள். மல்டிமீட்டரில் ஒரு நிமிடம் பார்த்துச் சொல்லப்படும் "கரண்ட் நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு மதிப்பில்லை, யூபிஎஸ்ஸைக் கொல்லும் வோல்டேஜ் நீங்கள் பார்க்காத நேரத்தில் வருவது. இவை முடியும் வரை நான்காவது யூபிஎஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அதுவரை சர்வர்களைக் காக்க இரண்டு வழி. இரட்டை பவர் சப்ளை உள்ள சர்வர்களில் ஒன்றை மட்டும் யூபிஎஸ்ஸில் வைத்து, மற்றதைச் சர்ஜ் பாதுகாப்போடு நேர் சப்ளையில் மாட்டுங்கள். யூபிஎஸ் போனாலும் ஈபி இருந்தால் சர்வர் ஓடும். ஆனால் நியூட்ரல் சந்தேகம் தீரும் முன், அந்த ஓவர்வோல்டேஜ் ரிலே இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், சர்வரே எரியும். இரண்டாவது, யூபிஎஸ்ஸின் ஷட்டவுன் மென்பொருளை நிறுவி, பேட்டரிக்குப் போன இரண்டாவது நிமிடமே சர்வர்கள் தாமாக அணையும்படி வையுங்கள். ஆறு நிமிடப் பேட்டரிக்கு அதுவே பத்திரம். பின்னாளில் வாங்கும்போது ஒரே 10 கேவிஏவுக்குப் பதில் இரண்டு 6 கேவிஏ வாங்கி ஒவ்வொரு சர்வரையும் இரண்டிலும் மாட்டுவது எனக்குப் பிடித்த வழி. லோடு 4 கிலோவாட்தான் என்பதால் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும்.

மூன்று யூபிஎஸ்ஸின் மாடல் எண்கள், சார்ஜர் ஆம்பியர், பேட்டரி ஒவ்வொன்றின் ஃப்ளோட் மற்றும் லோடு வோல்டேஜ், பகலும் இரவும் எடுத்த நியூட்ரல்-எர்த் அளவு, சர்வர் அணைந்த நாளின் லாக், இவை ஐந்தும் கிடைத்தால் மேலே "பெரும்பாலும்" என்று எழுதிய இடங்களில் பாதியையாவது ஆம், இல்லை என்று மாற்றிச் சொல்ல முடியும்.